பௌர்ணமி இரவும் பேய் பங்களாவும்

தைப்பிங்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊர் மேசன் லாட்ஜுக்கு, அதாவது பிரீமேசன் என்ற சகோதர அமைப்பினர் கூடும் இடத்துக்கு, பேராக் ஜூபிலி என்று பெயர், எண் 2225. விக்டோரியா மகாராணியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டி வந்த பெயர் அது. சிறுவயதில் அந்தப் பக்கம் போனாலே பாட்டி என் தலையை முந்தானையால் மூடிவிடுவார். "உள்ளே தலையை வெட்டிப் புதைப்பார்கள்" என்பார். வேறு யாருக்காவது இப்படி அனுபவம் உண்டா?

சுங்கைப் பட்டாணியிலிருந்து மறுமொழி:

எனக்கு உண்டு. நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் தாத்தா வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவர். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கறுப்பு கோட்டு அணிந்து, கையில் தட்டையான ஒரு தோல் பெட்டியுடன் துரை டவுனுக்குக் கிளம்புவார். பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை. அது போதாதா? பால்மரக் காட்டில் நிலவடிக்கும் இரவில் ஜன்னல் மூடிய லாட்ஜ் கட்டடத்துக்குள் போனால், லயத்தில் என்ன பேசுவார்கள்! பேய் பங்களா என்றே பெயர் விழுந்துவிட்டது. கதவுக்கு வெளியே உருவிய வாளுடன் ஒருவர் நின்றதைத் தாத்தாவே பார்த்திருக்கிறார். தலைவெட்டும் கதைக்கு வேறு சாட்சி வேண்டுமா?

1984இல் எனக்குப் பத்தொன்பது வயது. கொத்தனார் ஒருவரிடம் கையாளாக இருந்தேன். அந்தக் கட்டடத்தில் சுவர்ப் பூச்சு உதிர்ந்து எங்களைக் கூப்பிட்டார்கள். சிமெண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போனேன்.

கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. கிழக்கே ஒரு நாற்காலி, மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று. வடக்கே இல்லை. கிழக்கு நாற்காலியில் மூலைமட்டம் செதுக்கியிருந்தது. மேற்கில் ரசமட்டம். தெற்கில் தூக்குக்குண்டு. என் கொத்தனார் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய சாக்குப் பையிலும் அதே மூன்றும் இருந்தன. ஒரு மூலையில் கொத்தாத கருங்கல், இன்னொரு மூலையில் இழைத்துச் சதுரமாக்கிய கல். "இது நம் ஆட்கள் இடம்போல இருக்கிறதே" என்றார், மெல்ல.

காவல்காரர் தமிழர். அவர்தான் விளக்கினார். மேசன் என்றால் கல்தச்சர். முற்காலத்தில் கல்தச்சர்கள் வேலையிடத்தில் போட்டுக்கொண்ட கொட்டகைக்குப் பெயர்தான் லாட்ஜ். 1717இல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து தங்களுக்குத் தலைமையாகப் பெரிய லாட்ஜ் அமைத்தபோது அவை கூடிய இடமெல்லாம் சாராயக்கடைகள். சொந்தக் கட்டடம் பின்னால் வந்ததுதான். இங்கிலாந்துச் சிற்றூர்களில் பௌர்ணமியை ஒட்டிக் கூடியதும் மந்திரத்துக்காக அல்ல. தெருவிளக்கு இல்லாத பாதையில் வீடு திரும்ப நிலவு வேண்டும், அவ்வளவுதான். வாள் பிடித்து நிற்பவர் டைலர்; உறுப்பினர் அல்லாதவர் நுழையாமல் காப்பது அவர் வேலை. நம் பக்கத்தில் பினாங்குதான் முன்னோடி, 1809இல் நெப்டியூன் லாட்ஜ். கோலாலம்பூருக்கு 1889இல் வந்தது. அப்புறம் ரப்பரும் துரைமார்களும் போன ஊர்களுக்கெல்லாம் லாட்ஜும் போனது.

சுவரில் தலைவர்கள் பெயர்ப்பலகை. தங்க எழுத்தில் மேலே முழுக்க வெள்ளைக்காரர்கள். 1942 முதல் 1945 வரை வெறுமை, ஜப்பான்காரன் காலம். கீழே வர வர சீனப் பெயர்கள், நம்மவர் பெயர்கள். நடுமேசையில் பைபிளுக்குப் பக்கத்தில் குர்ஆனும் பகவத் கீதையும் இருந்தன. கடவுள் நம்பிக்கை இல்லாதவரைச் சேர்க்கமாட்டார்களாம். தன் வேதத்தின்மேல் கை வைத்துத்தான் ஒவ்வொருவரும் உறுதி சொல்ல வேண்டுமாம்.

அன்றிரவு தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தோல் பெட்டியில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டார். ஆட்டுத்தோல் ஏப்ரன், கல்தச்சர் இடுப்பில் கட்டுவதுபோல, என்றேன்.

நெடுநேரம் பேசாமல் இருந்தார். "பதினோரு வருடம் தூக்கினேன். கனமே இருக்காது. ஒரு நாளும் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை" என்றார்.