பாஸ் மீனுக்கான லூர் செட் இருக்கிறது, கல்லடியில் ஒரு மீன்கூட இல்லை. எங்கே பிழை?

கல்லடிப் பொடியன்:
வணக்கம். கனடாவில் இருக்கிற மச்சான் ஊருக்கு வந்தபோது ஒரு தூண்டில் செட் தந்துவிட்டுப் போனார். ஆறரை அடித் தடி, 2500 அளவு றீல், 8 இறாத்தல் தாங்குகிற தங்கூசி (நைலோன் நூல்), பெட்டி நிறைய லூர் (பொம்மை இரை). ஊதா நிற றப்பர் புழு, தகடு சுழலும் ஸ்பின்னர்பெயிட், சொண்டு வைத்த குண்டு கிராங்க்பெயிட், றப்பர் தவளை எல்லாம் இருக்கின்றன. பாஸ் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்து அப்படியே எறிகிறேன். பின்னேரம் நாலு மணிபோல மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே கரையில் நிற்பேன். றப்பர் புழுவின் வால் மட்டும் அரைவட்டமாக வெட்டுப்பட்டு வருகிறது. ஒரு தடவை கனமாக ஏதோ இழுத்தது, அடுத்த நொடி தங்கூசி அறுந்து கிராங்க்பெயிட்டும் போய்விட்டது. பக்கத்தில் இறால் குத்தி எறிகிறவர்கள் பிடிக்கிறார்கள், அதுதான் வெட்கம். லூர் பிழையா, எறிகிற விதம் பிழையா? புதிதாகப் பழகுகிறவனுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்.

இறால்தான் ராசா:
காசைக் கொட்டி பொம்மை மீன் வாங்குவதைவிட, நூறு கிராம் உயிர் இறால் வாங்கிப் போங்க. கறிக்கு மீன் கிடைக்கும்.

மண்முனைத் தோணி:
கறிக்கு என்றால் அவர் சொல்வது சரி. தம்பி லூர் பழக வந்திருக்கிறார், அது வேறு கதை. தம்பி, அறுந்த தங்கூசியின் நுனி எப்படி இருந்தது? நேராக வெட்டுப்பட்டிருந்ததா, கடைசி ஒரு முழம் தேய்ந்து சொரசொரப்பாக இருந்ததா? லூருக்கு முன்னால் தடித்த நூல் துண்டு, அதுதான் லீடர், கட்டினீர்களா? எறியும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது?

கல்லடிப் பொடியன்:
தேய்ந்துதான் இருந்தது அண்ணன், விரலில் தடவினால் தெரிந்தது. லீடர் கட்டவில்லை, லூரை நேரே தங்கூசியில் முடிந்தேன். தண்ணீர் ஓட்டத்தைக் கவனிக்கவில்லை.

மண்முனைத் தோணி:
நேராக வெட்டுப்பட்டிருந்தால் சீலா, பேத்தை மாதிரிப் பல்லுள்ள மீன் என்று சொல்லியிருப்பேன். தேய்ந்து அறுந்தது என்றால் கொடுவாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இல்லாவிட்டால் பாலத்துத் தூணில் ஒட்டியிருக்கிற சிப்பியில் உரசியிருக்கும். கொடுவாவின் வாய்க்குள் அரம் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியின் ஓரமோ கூர். 8 இறாத்தல் தங்கூசி அதில் இரண்டு உரசல்கூடத் தாங்காது.

நீங்கள் பார்க்கிற வீடியோவில் வரும் பெரிய வாய்ப் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் ஆற்றில் அது இல்லை. ஆனால் கொடுவாவும் ஏறக்குறைய அதே மாதிரித்தான் வேட்டையாடும். நிழலில் பதுங்கி நின்று, ஓட்டத்தோடு வருகிற சிறுமீனைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். ஆகவே பழகின எறிதல் வீண் இல்லை. நூல், தூண்டில் முள், நேரம் மூன்றையும் மாற்றினால் போதும்.

றீலில் 20 இறாத்தல் பிரெய்ட் (பின்னல் நூல்) சுற்றுங்கள். அதன் முனையில் 40 இறாத்தல் தங்கூசி ஒரு மீற்றர் லீடராக வர வேண்டும். றீலின் பிரேக்கை இறுக்கிப் பூட்டாதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கட்டித் தடியால் தூக்கினால் நூல் மெல்லக் கழல வேண்டும், அந்த அளவுதான். பாஸ் லூரில் வருகிற மூமுள் (மூன்று கொக்கி முள்) மெல்லிசு, நல்ல கொடுவா நிமிர்த்திவிடும். தடித்த முள்ளாக மாற்றுங்கள். மாற்றின பிறகு வாளியில் போட்டுப் பாருங்கள், மிதக்கிற லூர் முள்ளின் பாரத்தில் தாழ்ந்தால் ஒரு அளவு சின்ன முள் போடலாம்.

இனி இடம். பழைய இரும்புப் பாலமும் 2013 இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் உங்களுக்கு இரண்டு வரிசைத் தூண் கிடைத்திருக்கிறது. வெட்டவெளியில் எறிந்து என்ன பயன்? ஓட்டத்துக்கு எதிராக, தூணைத் தாண்டி எறிந்து, லூரை ஓட்டத்தோடு தூணின் ஓரமாக வரவிடுங்கள். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். கொத்து பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் விழும், நம் ஆட்களுக்கு நிறுத்தப் பொறுமை இல்லை. இருட்டின பிறகு பாலத்து வெளிச்சம் தண்ணீரில் ஒரு கோடு போடும். மீன் இருட்டுப் பக்கத்தில் நிற்கும், வெளிச்சத்தில் எறிந்து இருட்டுக்குள் கொண்டுவாருங்கள். நாலு மணி வெயிலில் நிற்பதைவிட ஆறரைக்குப் போவது நல்லது.

கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு சின்னது. ஆறு கடலில் சேருகிற பாலமீன்மடு முகத்துவாரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, மணல் அடைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஆறு ஓடும். மாரி மழைக்கு முகத்துவாரம் திறந்தால் ஓட்டம் நன்றாக இருக்கும், கொடுவாவும் அந்தப் பக்கம் நடமாடும். அடைத்திருக்கிற காலத்தில் காற்று அடித்துச் சிறுமீனை ஒதுக்குகிற கரையைப் பாருங்கள்.

கல்லடிப் பொடியன்:
இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை அண்ணன். அப்போ புழுவின் வாலை வெட்டுகிறது எது?

மண்முனைத் தோணி:
பேத்தை. றப்பரைக் கண்டால் விடாது. அது கூடின இடத்தில் றப்பரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய மினோ லூர் போடுங்கள், ஒரு மீற்றர் ஆழம் போவது காணும். பெட்டியில் இல்லாத ஒன்று அதுதான், வாங்குவதானால் அதை வாங்குங்கள். பேத்தை முள்ளில் ஏறினால் கழற்றி விட்டுவிடுங்கள், நஞ்சு, கறிக்கு ஆகாது.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, அந்தத் தவளையை ஆத்துல எறிஞ்சு வீணாக்காதீங்க. அது விராலுக்கு. உன்னிச்சை, நவகிரிப் பக்கம், தாமரையும் சல்வீனியாவும் மூடின குளத்து ஓரம் பாருங்க. விரால் காத்துக் குடிக்க மேல வரும், வளையம் தெரியும். அந்த வளையத்துக்கு மேல எறியாம ரெண்டு முழம் தாண்டி எறிஞ்சு, இலைக்கு மேலால மெல்ல நடத்திக் கொண்டு வாங்க. தண்ணி வெடிச்ச உடனே தடியைத் தூக்கினா தவளை மட்டும் பறந்து வரும். ஒரு மூச்சு விட்டுட்டு, நூல் இறுகின பிறகு இழுங்க.

ஊதாப் புழுவும் அங்க ஓடும். முள்ளு நுனியைப் புழுவுக்குள்ள ஒளிச்சுக் குத்தினா புல்லுல மாட்டாது. ஸ்பின்னர்பெயிட்டை உப்புத்தண்ணில போட்டா அண்டைக்கே நல்ல தண்ணில கழுவுங்க, கம்பி துருப்பிடிக்கும். ஒண்டு சொல்லணும்: செக்கச்செவேல் எண்டு குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா அதுக்குக் கீழ தாய் தகப்பன் காவல் நிக்கும். தவளைக்குப் பாயும்தான், ஆனா எறியாதீங்க. குஞ்சு எல்லாம் போயிரும்.

பின்னேரம் குளத்துப் பக்கம் யானை இறங்கும், வெளிச்சம் இருக்கத் திரும்புங்க. ஆறோ குளமோ, முதலை ரெண்டுலயும் இருக்கு. முழங்கால் தண்ணில இறங்கி நிக்கிற வேலை வேணாம்.

கல்லடிப் பொடியன்:
நன்றி நானா. லூரின் நிறத்தை எப்படித் தெரிவு செய்வது?

அக்கரைப்பற்று நானா:
கலங்கின தண்ணிக்கு கறுப்பு இல்லாட்டி பொன், தெளிஞ்ச தண்ணிக்கு வெள்ளி. அதுக்கு மேல யோசிக்கிறது கடைக்காரனுக்கு லாபம்.

மண்முனைத் தோணி:
கொடுவா கரைக்கு வந்தால் செவுளுக்குள் விரல் விடாதீர்கள், கிழித்துவிடும். கீழ்த்தாடையைக் கவ்வுகிற இடுக்கியோ அத்தாங்கோ கொண்டுபோங்கள். சின்னதை விட்டுவிடுவது நல்லது. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பல வருடம் கழித்துத்தான் பெண்ணாகும். சின்னதிலேயே எல்லாவற்றையும் தூக்கினால் முட்டை போடத் தாய்மீன் இருக்காது.

கல்லடிப் பொடியன்:
நாளைக்கு பிரெய்ட் வாங்கப் போகிறேன். பழைய தங்கூசியை முழுதும் உருவி எறியவா?

மண்முனைத் தோணி:
எறியாதீர்கள். அடியில் பத்துப் பதினைந்து சுற்று தங்கூசியை விட்டு, அதன் மேல் பிரெய்டை முடிந்து, ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். வெறும் ஸ்பூலில் சுற்றினால் மீன் இழுக்கும்போது பிரெய்ட் முழுவதும் வழுக்கிச் சுழலும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக நிறுத்துங்கள், நிரம்பி வழிந்தால் எறியும்போது கட்டுக்கட்டாகப் போய்ச் சிக்கும்.