ஆச்சி வீட்டு குரூப்பு: கேபிளை கட் பண்ணுன கதை

— ஞாயிறு —

அப்பா: கேபிள்காரர் இப்பதான் வந்துட்டு போறார் இந்த மாசத்துலேந்து 320 ஆம். போன மாசம் வரைக்கும் 280. என்னய்யா திடீர்னு 40 ஏத்திட்டிய ன்னு கேட்டா மேல ஏத்திட்டாவ சார் நாங்க என்ன செய்ய ங்கார்

அப்பா: 2011ல அரசு கேபிள் வந்த புதுசுல மாசம் 70 ரூவா குடுத்தேன். எழுவது

சித்தப்பா: அண்ணே அப்ப டீ என்ன வெல அதையும் சொல்லு

நான்: நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். வீட்டுல ஃபைபர் நெட் இருக்கு அதுக்கு ஒரு காசு கட்டுதிய, கேபிளுக்கு தனியா ஒரு காசு கட்டுதிய. நெட்டுல வாரத டிவில காட்டுத ஸ்டிக் ஒண்ணு வாங்கி டிவி பின்னால சொருகுனா சோலி முடிஞ்சுது

அம்மா: ஏட்டி உங்க ஆச்சிக்கு சீரியல் யாரு போட்டு குடுப்பா, நீ மெட்ராஸ்ல இருந்து தெனமும் வருவியா

அக்கா: 😂😂

அத்தான்: மாமா ஒரு நிமிசங்க. கேபிள் பில்லு ரெண்டு பங்குங்க. ஒண்ணு நெட்வொர்க் கட்டணம், அதாவது கம்பி நம்ம வீடு வரைக்கும் வர்றதுக்கு. இன்னொண்ணு காசு குடுத்து பாக்குற சேனலுக்கு. 2019ல டிராய், அதாவது டிவி கட்டணத்துக்கு விதி போடற அரசாங்க அமைப்பு, புது முறை கொண்டு வந்தப்ப கம்பிக்கு 130க்கு மேல வாங்கக்கூடாதுன்னு வெச்சிருந்தாங்க, 18% ஜிஎஸ்டி சேத்தா 153 ரூவா 40 காசு. 2024 ஜூலைல அந்த வரம்பையே எடுத்துட்டாங்க, அவங்கவங்களே முடிவு பண்ணிக்கலாம்னு

அப்பா: அந்த 40 காசு நல்லா ஞாபகம் இருக்கு மாப்ள. 155 குடுத்தா மிச்சம் வந்ததே கெடையாது

அத்தான்: அதனால கட் பண்றதுக்கு முன்னாடி உங்க பேக்குல என்னென்ன சேனல் இருக்குன்னு ஒருக்கா பாருங்க மாமா. வேண்டாததை எடுத்தாலே கொஞ்சம் கொறையும்

அப்பா: ரசீதுக்கு பின்னால பொடி எழுத்துல இருக்கு, கண்ணாடி போட்டு படிச்சேன். இந்தி 9. தெலுங்கு 3. கார்ட்டூன் 4. இந்த வீட்டுல கார்ட்டூன் பாக்கது யாரு

சித்தி: உங்க தம்பி

சித்தப்பா: 🙏

நான்: சரி எல்லாரும் உண்மைய சொல்லுங்க, நம்ம வீட்டு டிவில நெசமாவே பாக்கது என்னன்னு

அம்மா: அத்தைக்கு சாயந்திரம் ஏழுலேந்து ஒம்பதரை வரைக்கும் சீரியல், மொதல்ல சன்ல ரெண்டு பெறவு விஜய்ல ஒண்ணு. எனக்கு மத்தியானம் பாட்டு. உங்க அப்பாவுக்கு நியூசு, ஒரே நியூச காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆறு சேனல்ல பாப்பாவ

அப்பா: கிரிக்கெட்டை விட்டுட்ட

சித்தப்பா: எனக்கு ரெண்டு மணி பழைய படம்

சித்தி: சூரசம்ஹாரத்துக்கு திருச்செந்தூர் நேரலை

நான்: அவ்வளவுதானே. நியூசு சேனல் எல்லாமே யூடியூப்ல லைவ்வா ஓசிலயே ஓடுது, புதிய தலைமுறை பாலிமர் தந்தி எல்லாம். சன் சீரியல் சன் நெக்ஸ்ட்ல, விஜய் ஜியோஹாட்ஸ்டார்ல, ஜீ தமிழ் வேணும்னா ஜீ5ல. பொதிகையும் நெட்லயே கெடைக்கும், இப்ப அதுக்கு பேரு டிடி தமிழ், 2024ல மாத்திட்டாங்க

அம்மா: எங்களுக்கு அது பொதிகைதான்

அப்பா: இதுக்கு எல்லாம் எவ்வளவு ஆவும்

அத்தான்: மாமா மறைக்காம சொல்றேனுங்க, மூணு ஆப்புக்கும் சந்தா கட்டுனா கேபிளை விட ஒண்ணும் பெருசா கொறையாதுங்க. ரெண்டோட நிறுத்துனா மிச்சம் பாக்கலாம். அப்பறம் ஒரு விஷயம், விலை கம்மியா இருக்குன்னு மொபைல் பிளான் போட்றாதீங்க. அது போன்ல மட்டும்தான் ஓடும், டிவில ஓடாது. எங்க ஆபீஸ்ல நாலு பேரு இப்படி ஏமாந்துட்டு உக்காந்திருக்காங்க

சித்தப்பா: (ஃபார்வேர்டு செய்யப்பட்டது) 🔥🔥 ஒரு முறை ₹999 கட்டினால் போதும்! வாழ்நாள் முழுவதும் அனைத்து சேனல்களும் அனைத்து புதுப் படங்களும் இலவசம்! இன்றே அழையுங்கள் 🔥🔥

சித்தப்பா: இது எப்படி இருக்கு மாப்ள. ஒரே அடியா முடிஞ்சிரும்லா

அத்தான்: சித்தப்பா வேண்டவே வேண்டாமுங்க. அது திருட்டு சிக்னலுங்க, ரெண்டு மாசத்துல நின்னுரும், யாரு சட்டையையும் புடிக்க முடியாது. அதுக்கு ஒரு ஆப்ப வெளிய இருந்து எறக்கி போட சொல்லுவாங்க, அது போன்ல இருக்கற மெசேஜ் எல்லாம் படிக்க அனுமதி கேக்கும். அதே போன்லதான் பேங்க் ஓடிபியும் வருது

சித்தி: இவுக ஏற்கனவே 999 அனுப்பியாச்சான்னு கேளுங்க

சித்தப்பா: இல்ல இல்ல

(சித்தப்பா ஒரு மெசேஜை நீக்கிவிட்டார்)

சித்தி: என்னத்த நீக்குதிய

— செவ்வாய் —

நான்: ஸ்டிக் ஆர்டர் போட்டுட்டேன். நாளைக்கு வந்துரும், கைல காசு குடுக்க வேண்டாம், கட்டிட்டேன். அப்பா டிவிக்கு பின்னால எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கான்னு பாத்து ஒரு போட்டோ போடுங்க

அப்பா: (போட்டோ)

நான்: இது ஆண்டெனா ஓட்டை பா

அப்பா: (போட்டோ)

நான்: இது விரலு

அப்பா: (போட்டோ)

அத்தான்: இதேதானுங்க மாமா, ரெண்டு இருக்கு. ஒண்ணுல ஏற்கனவே செட்டாப் பாக்ஸ் சொருகியிருக்கு

அம்மா: மாடில அத்தை ரூம்ல இருக்க டிவிக்கும் இதை போடலாமா

நான்: அம்மா அது அரசாங்கம் ஓசில குடுத்த கலர் டிவி. அதுல மஞ்சள் வெள்ளை செவப்பு ஒயருதான் இருக்கும்

அத்தான்: நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வெச்சா ஓடுமுங்க, ஆனா படம் மேலயும் கீழயும் கறுப்பா நசுங்குன மாதிரி வரும், எழுத்து படிக்க முடியாது. அந்த டிவிக்கு கேபிள்தான் சரி

அப்பா: கேக்கவே வேண்டாம், எங்க அம்மா அந்த டிவிய எடுக்க விடமாட்டாவ. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஒரு ரிப்பேர் கெடையாது

— புதன் —

அப்பா: வந்துட்டு. இவ்வளவுதானா?? சின்ன சோப்பு டப்பா அளவு கூட இல்ல

அப்பா: சொருகிட்டேன். படம் வருது, திரும்ப போவுது, திரும்ப ஆரம்பத்துலேந்து வருது. அரை மணி நேரமா இதே கூத்துதான்

அத்தான்: மாமா கரண்டு எங்க இருந்து குடுத்திருக்கீங்க

அப்பா: டிவிக்கு பின்னாலயே ஒரு யூஎஸ்பி ஓட்டை இருந்துது அதுல சொருகிட்டேன், ஒயர் தொங்காம அழகா இருந்துது

அத்தான்: அதுல வர்ற கரண்டு பத்தாதுங்க. பெட்டில ஒரு அடாப்டர் இருக்கும் பாருங்க, அதை சுவத்து பிளக்குல போட்டு குடுங்க

அப்பா: ஆங். நின்னுட்டு

அப்பா: வைஃபை கேக்கு. நம்ம வீட்டு பேருல ரெண்டு காட்டுது, ஒண்ணு சும்மா, இன்னொண்ணுல 5ஜி ன்னு போட்டுருக்கு. நம்மகிட்ட இருக்கது 4ஜி போனுதானே அதனால சும்மா இருக்கதையே போட்டேன்

நான்: அப்பா அந்த 5ஜி வேற இந்த 5ஜி வேற. இது ராட்டர், அதான் வைஃபை பெட்டி, அனுப்புத அலைவரிசை, 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் ஜாஸ்தி ஆனா சுவரு தாண்டுனா சோந்து போயிரும். ராட்டர் முன் ரூம்ல இருக்கு, ஹாலுக்கு நடுவுல தாத்தா கட்டுன ஒண்ணரை அடி சுவரு இருக்கு. நீங்க போட்டதே சரி

அப்பா: பாத்தியா. தெரியாம செஞ்சாலும் சரியாத்தான் செய்யுதேன்

சித்தப்பா: எங்க வீட்டுல ஃபைபர் கெடையாதே மாப்ள, போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டலாமா. தெனமும் 2 ஜிபி இருக்கு

அத்தான்: நல்ல எச்டில ஒரு மணி நேரம் பாத்தா 3 ஜிபி வரைக்கும் இழுக்குமுங்க. உங்க ரெண்டு மணி படம் இடைவேளைக்கு முன்னாடியே நின்னுரும்

சித்தப்பா: அப்ப நான் அண்ணன் வீட்டுக்கே வந்துருதேன்

சித்தி: இன்னைக்கு மட்டும் புதுசா வாரியளாக்கும்

— வியாழன் —

அம்மா: (குரல் பதிவு 0:52) அத்தை பேசுதாவ கேளுங்க

அத்தான்: மீட்டிங்ல இருக்கேனுங்க, கேக்க முடியல

நான்: டைப் பண்ணுதேன் அத்தான். "ஏலா இதுல நம்பரே இல்லியே. நான் ஏழு, பூஜ்யம், அஞ்சு அமுக்குவேன், எனக்கு சீரியல் வந்துரும். இதுல மேல கீழ இடது வலதுன்னு எலி ஓடுத மாதிரி ஓடிக்கிட்டே இருக்கு, நான் எதை அமுக்குனாலும் எவனோ ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கான். நடுவுல வட்டமா ஒண்ணு இருக்கே அதை அமுக்குனா அவன் சுட ஆரம்பிச்சுருதான்." அம்புட்டுதான், மிச்சம் 20 நொடி சிரிப்பு, அது அம்மா

அக்கா: அய்யோ ஆச்சி 😂😂😂

நான்: ஒண்ணு யோசிச்சு பாத்தேன், நமக்கு இது ஈசின்னு தோணுது ஏன்னா நமக்கு இங்கிலீசு எழுத்து தெரியும், எங்க போவணும்னு தெரியும். ஆச்சி இருவது வருஷமா விரலாலயே டிவி பாத்தவ, ரிமோட்டை குனிஞ்சு கூட பாக்க மாட்டா. டிவிய போட்ட உடனே எதாவது ஓடிட்டு இருக்கணும், நாம போயி தேடணும்ங்கதே அவளுக்கு புதுசு. இதை நான் வாங்குறதுக்கு முன்னாடி யோசிக்கல

அம்மா: அதுக்கு நான் ஒரு வழி பண்ணிட்டேன்

அம்மா: (போட்டோ)

அக்கா: அம்மா என்னது இது ரிமோட்டுக்கு பொட்டு வெச்சிருக்க

அம்மா: ஸ்டிக்கர் பொட்டுதான். வீடு மாதிரி படம் போட்ட பட்டனுக்கு பெரிய செவப்பு பொட்டு, நடு வட்டத்துக்கு சின்ன மெரூன் பொட்டு. பெரிய பொட்ட ஒருக்கா, பெறவு வலதுபக்கம் ரெண்டு தடவ, பெறவு சின்ன பொட்டு. சீரியல் ஆப்ப மொத வரிசைல மூணாவதா கொண்டு வந்து வெச்சிட்டேன் உங்க அத்தான் போன்ல சொல்லிக் குடுத்தாரு

அத்தான்: அத்தை கலக்கிட்டீங்க 👏

அம்மா: ரிமோட்ல பேசுனாலும் வருமாம்லா, அதையும் சொல்லிக் குடுத்தேன். அத்தை மைக்க வாய்கிட்ட வெச்சுகிட்டு "ஐயா நேத்து அந்த மாமியாக்காரி கீழ விழுந்தாளே அதுக்கு பெறவு என்னாச்சு" ன்னு கேக்காவ. மூட்டு வலி எண்ணெய் வீடியோ வருது

— ஞாயிறு —

அப்பா: இந்த ஸ்டிக்ல ஒரு பெரிய கொற இருக்கு

நான்: என்ன பா

அப்பா: மேட்சு ஓடுது. கடைசி ஓவரு. நம்ம டிவில பவுலர் இன்னும் பந்த தொடச்சுகிட்டு நிக்கான், பக்கத்து வீட்டுல ஓ ன்னு கத்திட்டாவ, வெடியும் போட்டாச்சு. நான் எதுக்கு பாக்கணும்

அத்தான்: அது நெட்டுல வர்றதுக்கு லேட்டாகுமுங்க மாமா. மைதானத்துல இருந்து வர்றதை துண்டு துண்டா நறுக்கி அனுப்பும், நம்ம பெட்டி நாலஞ்சு துண்டு சேத்து வெச்சுகிட்டுதான் ஓட்ட ஆரம்பிக்கும், இல்லேன்னா நடுவுல நின்னு நின்னு வருமே. பக்கத்து வீட்டுல கேபிளுங்க, அவங்களுக்கு முன்னாடியே வந்துரும்

அப்பா: ஜன்னல சாத்திட்டு பாக்க வேண்டியதுதான்

சித்தப்பா: நான் பக்கத்து வீட்டுல இருந்துதான் பாத்தேன் அண்ணே. கத்துனதுல ஒரு ஆளு நான்

அப்பா: நீ வா வீட்டுக்கு

அம்மா: இன்னொன்னு, நேத்து கரண்டு போச்சு. இன்வெர்ட்டர்ல டிவி ஓடுது ஃபேன் ஓடுது, ஆனா சுத்திகிட்டே இருக்கு படம் வரல

நான்: ராட்டர் இருக்க பிளக்கு இன்வெர்ட்டர் லைன்ல இல்லம்மா. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அந்த பிளக்க மட்டும் மாத்த சொல்லுங்க, இல்லேன்னா ராட்டருக்குன்னே சின்னதா யூபிஎஸ் விக்காங்க

— செவ்வாய் —

அப்பா: கேபிள்காரர் வந்தார். கட் பண்ணப் போறோம்னு சொன்னேன். ஸ்டிக் வாங்கிட்டியளா சார் ன்னு சிரிக்கார். தெருவுல ஏழாவது வீடாம் நம்மது. இப்ப அவரே ஃபைபர் லைனும் குடுக்காராம், இல்லேன்னா எப்பவோ கடைய மூடியிருப்பேன்னு சொன்னார். பாவமாத்தான் இருந்துது

அப்பா: ஹால் பாக்ஸ திருப்பி குடுத்துட்டேன், கார்டோட ரிமோட்டோட அடாப்டரோட. எழுதி வாங்கிட்டேன். மாடிக்கு மட்டும் மத்த காசு சேனல் எல்லாம் எடுத்துட்டு எங்க அம்மா பாக்குத ரெண்டு சேனல் மட்டும் வெச்சு போட சொன்னேன், 190 ஆவுதாம்

அத்தான்: சூப்பருங்க மாமா. ஆப்பு சந்தாக்கு ஆட்டோபே போட்டிருக்கீங்கல்ல, காசு எடுக்கறதுக்கு ஒரு நாளைக்கு முன்னாடி மெசேஜ் வரும், அதை பாக்காம விட்றாதீங்க. வேண்டாம்னா யூபிஐ ஆப்லயே போயி நிறுத்திக்கலாம்

சித்தி: அப்ப 190ம் ஆப்பு காசும் சேத்தா என்ன மிச்சம்

அப்பா: அதை கேக்காத

— வெள்ளி —

அம்மா: ஒரு சண்டை ஆயிப் போச்சு

அக்கா: என்ன

அம்மா: ஒரு ஆப்ல ராத்திரி வார எபிசோட காலைலயே போட்டுருதாவ. அத்தைக்கு யாரு சொன்னாவன்னு தெரியல, அஞ்சே முக்காலுக்கு எந்திரிச்சு, பல்லு வெளக்குனதும் மாடி டிவிய விட்டுட்டு ஹால்ல வந்து உக்காந்துருதாவ, பெரிய பொட்டு, வலதுபக்கம் ரெண்டு தடவ, சின்ன பொட்டு, தானாவே போட்டுக்கிடுதாவ. முழுசா பாத்துட்டு பால் வாங்க வார எதுத்த வீட்டு ஆச்சிகிட்ட இன்னைக்கு இன்னாரு இன்னாரை கல்யாணம் கட்டப் போறான் பாருன்னு சொல்லிருக்காவ

நான்: ஆச்சி!!

அம்மா: மொத நாளு அவ நம்பல. ரெண்டாம் நாளும் அப்படியே நடந்துது. மூணாம் நாளு அவளுக்கு கோவம் வந்துட்டு, ராத்திரி நான் என்னத்த பாக்க ன்னு கத்திட்டு போயிட்டா. மூணு நாளா பேச்சு வார்த்தை கெடையாது

அப்பா: இன்னைக்கு அவ மகன் வந்தான். மாமா அந்த ஸ்டிக் எங்க வாங்குனிய, லிங்க் இருந்தா அனுப்புங்க, அம்மா தொல்லை தாங்கலன்னு. சின்னவளே அந்த லிங்க எனக்கு போடு அவனுக்கு அனுப்பணும்

நான்: போடுதேன்

அம்மா: இரு, அத்தை பக்கத்துலதான் இருக்காவ என்னமோ சொல்லுதாவ

அம்மா: அவன் ஸ்டிக்கு வாங்குனா வாங்கட்டுமாம். காலைலயே வருதுங்கத மட்டும் யாரும் அவனுக்கு சொல்லிக் குடுக்கக் கூடாதாம்