மறு: உரித்துச் செலவா, நலத்திட்டச் செலவா?

வணக்கம் அண்ணைமார், அக்காமார்,

திங்கள் காலை உயர்தர வகுப்புக்குப் பாடம். அமெரிக்க வரவுசெலவு பற்றிய நான்கு பக்கத்தையும் தமிழாக்கிவிட்டேன், நாம் மடல்மேல் மடலாக விவாதிக்கும் 'entitlement spending' என்ற ஒரு சொல் மட்டும் தமிழ் அமையாமல் நிற்கிறது. சட்டம் சொல்லும் தகுதி இருந்தால் அரசு கொடுத்தே ஆகவேண்டிய பணம் அது. 1935இல் வந்த சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், 1965இல் வந்த முதியோர் மருத்துவக் காப்புறுதி எல்லாம் அதில் அடக்கம்.

சென்னை நண்பர் தந்த 'நலத்திட்டச் செலவு' பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆனால் அரசு மனமிரங்கித் தருவது போல ஒலிக்கிறது. அந்த ஓய்வூதியத்துக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். 1983இல் முழு ஓய்வூதிய வயதை 65இலிருந்து 67க்குப் படிப்படியாக உயர்த்தச் சட்டம் செய்தார்கள். கையில் வருவது அதனால் குறைகிறது, ஆனால் 'வெட்டு' என்று வாய்திறந்து சொல்லத்தான் அரசியல்வாதிகளுக்கு மனம் வருவதில்லை. நாமும் மழுப்பலான சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் எதை வைத்து அவர்களைக் கேள்வி கேட்பது?

என் தெரிவு 'உரித்துச் செலவு', உரித்து என்றால் உரிமை. காணி உரித்து என்று இங்கே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நாளும் புழங்குகிற சொல்தானே. 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான பட்டியல் ஒட்டியபோது, பாலையூற்றுப் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, தாள் தாளாக விரல் வைத்துத் தேடினார். பெயர் கிடைத்ததும் பக்கத்தில் நின்றவர், "உதவி கிடைச்சிட்டுதே?" என்றார். "உதவியில்லை, எனக்கு உரித்தான காசு" என்றார் பெரியம்மா.

'தோலை உரித்து' என்று மயங்குமே என்கிறார் பேராசிரியர் ஐயா. மயங்கும்தான். பெயரோ வினையெச்சமோ, இரண்டும் வன்றொடர்க் குற்றியலுகரம், இரண்டிலும் வல்லினம் மிகும், புணர்ச்சி கைகொடுக்காது. இடம் நோக்கித்தான் பொருள் கொள்ள வேண்டும். ஆனால் அங்கிருந்து உரிச்சொல்லுக்குத் தாவி, பாம்புச் சட்டை வரை போய்ப் பதினான்கு மடல் ஆகிவிட்டது ஐயா!

சட்டத்தரணித் தம்பியின் கேள்விதான் என்னை உறுத்துகிறது. அமெரிக்காவில் பத்தொன்பது வருடம் அந்த ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டிய நெஸ்டர் என்பவர் நாடு கடத்தப்பட்டதும் ஓய்வூதியம் நின்றது. 1960இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அது அவருடைய சொத்துரிமை அல்ல, காங்கிரஸ் (அவர்களின் நாடாளுமன்றம்) சட்டத்தை மாற்றலாம் என்றது. அப்படியிருக்க 'உரித்து' என்பதும் பொய்தானே என்கிறார் தம்பி. சட்டம் இருக்கும்வரை உரித்து என்பது என் பதில், அது முழுப் பதிலில்லை என்றும் தெரிகிறது. அவருடைய 'தகுதிவழிச் செலவு' பிழையற்றது. ஆனால் அதைக் கேட்டால் பெரியம்மாவுக்குத் தன் காசு என்று விளங்காது.

இதுவரை எழுதியவர்களில் பலர் 'நலத்திட்டம்' பக்கம்தான், களைத்துப்போய். நான் கரும்பலகையில் 'உரித்துச் செலவு' என்று எழுதி, தம்பியின் சொல்லையும் பக்கத்தில் போடுவேன். சட்டம் மாறினால் போய்விடுகிற உரித்து என்பதைக் காட்ட ஓர் அடைமொழி அகப்பட்டால், தம்பி, ஞாயிறு இரவுக்குள் எழுதும்.

திருகோணமலையிலிருந்து