இறந்தவரின் ஐசியூ வீடியோ யூடியூபில்: குடும்பம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

தாமிரபரணி:
தனியார் மருத்துவமனை ஐசியூவில் இறந்தவரையும், கட்டிலைப் பிடித்து அழும் மனைவியையும் ஊழியர் ஒருவர் செல்போனில் எடுக்க, அது ஒரு யூடியூப் சேனலில் வந்துவிட்டது. பிள்ளைகளின் முகமும் தெரிகிறது. ‘செத்தவருக்கு ஏது அந்தரங்கம், கேஸ் நிக்காது’ என்கிறார்கள். உண்மையா?

கருப்பு கவுன்:
பாதி உண்மை. ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை அவரவர் உயிரோடு முடிகிறது, வாரிசுக்கு வராது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பிராதில் (வழக்கு மனுவில்) இறந்தவரின் உரிமையைப் பிடித்துத் தொங்காதீர்கள். மனைவியும் பிள்ளைகளும் தங்கள் சொந்த உரிமைக்காக வாதிகளாக வரட்டும். மைனர்கள் தாய் மூலமாக. 1994-ல் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பம், திருமணம், தாய்மை பற்றியவற்றை ஒப்புதலின்றி வெளியிட்டால் நஷ்டஈட்டு வழக்கு போடலாம் என்றது. கோர்ட் பதிவு போன்ற பொது ஆவணத்தில் உள்ள விஷயத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஐசியூ கட்டில் பொது ஆவணம் இல்லையே!

அவதூறு வழக்காக மட்டும் போட்டுவிடாதீர்கள். அதற்குக் கெடு 1 வருடம்தான். தவிர, ‘வீடியோ உண்மை’ என்று எதிர்த்தரப்பு தப்பித்துவிடும். அந்தரங்க மீறலுக்கு அந்த எதிர்வாதம் உதவாது. கெடுவும் 3 வருடம். பிராதுடனேயே, வீடியோவை நீக்கி மறுபதிவைத் தடுக்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் உத்தரவு 39-ன்கீழ் இடைக்கால மனுவும் கொடுங்கள்.

கோப்புக்கட்டு:
நோட்டீஸ் போகுமுன் ஆதாரத்தைப் பிடியுங்கள். நோட்டீஸ் கண்டதும் வீடியோ காணாமல் போகும். முழு முகவரி, சேனல் பெயர், தேதி, பார்வை எண்ணிக்கை எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோ கோப்பை டவுன்லோடும் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி ஹேஷ் எண் (கோப்பின் டிஜிட்டல் கைரேகை) மாறிவிடும். பென் டிரைவில் நேரடியாகப் போடுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) கேட்கும் சான்றிதழில் அந்த ஹேஷ் எண்ணை எழுத வேண்டும். இரண்டு பகுதி உண்டு: ஒன்று உங்கள் கையெழுத்து, மற்றது நிபுணருடையது. பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

மன உளைச்சலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: மனநல மருத்துவரின் ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, பிள்ளை பள்ளிக்குப் போகாத நாட்களின் வருகைப் பதிவு. ‘மிகுந்த வேதனை’ என்ற ஒற்றை வரிக்குப் பணம் வராது.

கருப்பு கவுன்:
தொகையை ஊதாதீர்கள். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் 3%. 10 லட்சம் கேட்டால் 30,000 கட்டணும், 1 லட்சம்தான் கிடைத்தாலும். மருத்துவமனை மீது மட்டும் என்றால் நுகர்வோர் ஆணையம் நல்ல வழி: 2 வருடக் கெடு, கட்டிய சிகிச்சைக் கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை.