உப்புமாவுக்கு ஒரு லட்சம் டொலரோ?? டாப் செஃப் மாஸ்டர்ஸ் பாத்தவை வாங்கோ

வட்டக்கச்சி பெடியன்:
வணக்கம் அண்ணைமார் அக்காமார். நான் கிளிநொச்சியில ஒரு ஹோட்டல் குசினியில ரெண்டு வருசமா வேலை. இரவு வந்து படுத்துக்கிடந்து போனில டாப் செஃப் மாஸ்டர்ஸ் எண்ட பழைய அமெரிக்கன் போட்டியைப் பாக்கிறன், 2009 இல இருந்து 2013 மட்டும் 5 சீசன் போயிருக்கு. மாஸ்டர்செஃப் மாதிரி வீட்டில சமைக்கிற ஆக்கள் இல்லை, எல்லாரும் பேர் எடுத்த செஃப்மார், வெண்டாலும் காசு அவை சொல்லுற தொண்டு நிறுவனத்துக்குத்தான். 2011 பைனல்ல பம்பாயில பிறந்த ஃபிளாய்ட் கார்டோஸ் எண்டவர் காளான் போட்டு உப்புமா செய்து வெண்டிட்டார், உப்புமா!! அம்மாட்ட காட்ட "இதுக்கோ ஒரு லட்சம் டொலர், நான் கிழமையில மூண்டு நாள் செய்யிறன்" எண்டு சிரிக்கிறா. எனக்கு விளங்காதது என்னெண்டால், பேர் உள்ளவை தோத்தா மானம் போகுமெல்லே, பிறகேன் போகினம்? அவ்வளவு அனுபவம் இருந்தும் நேரம் முடியப் போகேக்க ஏன் கை நடுங்குது?

கிடாரத்தார் (புதுக்குடியிருப்பு):
தம்பி, பெரிய செஃப் எண்டா அவர் கடைசியா வெங்காயம் உரிச்சு எத்தினை வருசமோ. உரிக்க ஒராள், வெட்ட ஒராள், இவர் ருசி பாத்துச் சொல்லுறதுதான். நான் 30 வருசமா கல்யாண வீட்டுச் சமையல், 400 பேருக்கு எண்டாலும் உப்பை கண்ணால பாத்துப் போட்டிடுவன். போன மாசம் மனுசிக்குக் காய்ச்சல், மூண்டு பேருக்குப் பருப்பு வைச்சன், மகள் வாயில வைக்கேல்லை. கூடமாட நிக்கிற பெடியள் இல்லாட்டி நான் அரைவாசி ஆள். அந்தப் போட்டியில முதல்ல புடுங்கிறதே அதைத்தான், பழகின ஆளும் இல்லை பழகின அடுப்பும் இல்லை, கை நடுங்காம என்ன செய்யும்.

முள்ளியவளை அக்கா (இப்ப ஸ்காபரோ):
கிடாரத்தார் அண்ணை சொல்லுறது சரி. முதல் சீசன் முதல் எபிசோட் பாருங்கோ. கல்லூரிப் பிள்ளையளின்ர ஹொஸ்டல் அறையில மைக்ரோவேவையும் சின்ன அடுப்பையும் குடுத்துச் சமைக்கச் சொன்னவை, ஹ்யூபர்ட் கெல்லர் எண்ட பிரெஞ்சுக்காரர், பெரிய ஆள், அவிச்ச பாஸ்தாவை குளிக்கிற ஷவருக்குக் கீழ பிடிச்சுக் கழுவுறார்! அந்தாள் அதைச் சிரிச்சுக்கொண்டு செய்யிறது எனக்கு நல்ல விருப்பம். அது ஒளிபரப்பான 2009 ஆனி மாசம் நாங்கள் முகாமில, மூண்டு கல்லும் ஒரு சட்டியும், அம்மா நிவாரணப் பருப்பை நாலு விதமாச் செய்து தந்தவ, நாங்கள் திரும்பவும் பருப்போ எண்டு முகத்தைச் சுழிச்சனாங்கள். சரி அது வேற கதை.

மாங்குளம் குக்:
9 வருசம் டுபாயில ஹோட்டல் வேலை செய்தனான், சொல்லுறன். ஏன் போகினமெண்டால் ரிவியில முகம் தெரிஞ்சா கடைக்குச் சனம் வரும், தோத்தாலும் வரும். ஆனா கார்டோஸ் போனது நியூயோர்க்கில அவர் சமைச்ச தப்லா எண்ட பெரிய கடை 2010 கடைசியில மூடினாப் பிறகு ஒளிபரப்பான சீசனில, சனம் வர அந்தக் கடையே இல்லை, அதை யோசிச்சுப் பாருங்கோ. வெண்ட காசு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போனது. மனுசன் 2020 இல கொரோனாவில செத்துப்போனார், பாவம். உப்புமா எண்டு நக்கலடிக்காதேங்கோ, எங்கட வீடுகளில மாதிரி கரண்டி நட்டா நிக்கிற உப்புமா இல்லை அது, இத்தாலிக்காரன்ர பொலென்டா எண்ட சோளமாக் களி மாதிரித் தளதளவெண்டு தேங்காப்பாலோட. ரவை கட்டிபடாம, பால் திரையாம அந்தப் பதத்தில இறக்கிறது லேசில்லை, அடுப்பை விட்டு அங்கால இங்கால போகேலாது. பிறகு, மழைக்குக் காட்டில முளைக்கிற காளானைத் தெரியாமப் புடுங்கிப் போட்டிடாத தம்பி.

வட்டக்கச்சி பெடியன்:
நன்றி எல்லாருக்கும். ஷவர் எபிசோட் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சனான். ஞாயிறு லீவு, சந்தையில பெட்டிக் காளான் வாங்கி தேங்காப்பால் விட்டு உப்புமா செய்தன், முதல் தரம் திரைஞ்சு போச்சு, ரெண்டாம் தரம் ஓகே. அம்மா ஒரு வாய் வைச்சிட்டு "நல்லாத்தான் கிடக்கு, சீனி எங்க" எண்டு கேட்டா.