புதுப்பிப்பு: சுருங்கிய லெதர் கோரல் விரிந்துவிட்டது

முன்பு நான் கேட்டது இதுதான்: 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் டோட்ஸ்டூல் லெதர் கோரல் (காளான் வடிவ மென்பவளம்) சுருங்கி, மேலே மெழுகுபோல் படலம் கட்டியிருக்கிறது, செத்துவிட்டதா? இல்லை. இப்போது முழுதாக விரிந்து நிற்கிறது.

அந்தப் படலம் நோயல்ல, லெதர் வகைகள் அவ்வப்போது உரிக்கும் தோல். நீரோட்டம் போதாவிட்டால் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். அடியில் பாசி பிடித்துத் திசு அழுகலாம். அலைபம்பை நேராகக் கோரல்மீது அடிக்காமல், எதிர்க்கண்ணாடியில் மோதித் திரும்பும்படி வைத்ததும் தானாகக் கழன்றது. கையால் உரிக்காதீர்கள்.

பலர் விட்டுவிடுவது ஆக்டிவேட்டட் கார்பன். லெதர்கள் நீரில் விடும் டெர்பீன் என்ற வேதிப்பொருள் பக்கத்துக் கோரல்களை வாட்டும்; கார்பன் அதை உறிஞ்சிவிடும். சுமார் 50 கிராம், தூசி போக அலசி, மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பெரிய தொல்லை வெப்பம். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை 26 டிகிரியில் வைத்தாயிற்று. விசிறி மட்டும் என்றால் 2-3 டிகிரிதான் குறையும், புழுக்கமான நாளில் அதுவும் சந்தேகம். ஆவியான அளவுக்கு ஆர்ஓ கருவியில் வடிகட்டிய நன்னீர் ஊற்றுங்கள், உப்புநீர் அல்ல. நம் குழாய்நீரில் குளோராமின் என்ற கிருமிநாசினி உண்டு. ஆர்ஓவின் கார்பன் வடிகட்டி தேய்ந்தால் அது தப்பி வரும்.

இப்போதைய அளவுகள்: உவர்ப்பு 1.025 (ஒப்படர்த்தி), கேஎச் (காரத்தன்மை) 8.5, நைட்ரேட் 8 பிபிஎம், பாஸ்பேட் 0.05. நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கினால் சாஃப்ட் கோரல் பட்டினிதான்.

கூடவே கேட்டது, சோவாந்தஸ் (பொத்தான் போன்ற கோரல்) ஒட்டிய கல்லை வெந்நீரில் போடலாமா என்று: போடவே கூடாது. அதிலுள்ள பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்த ஆவி மூச்சில் போனால் மருத்துவமனைதான்.