பூச்சு வேலைக்கு முன் முடிவெடுக்கணும்: வைஃபை ஸ்விட்சா, கேஎன்எக்ஸா?

புதுமனை: செங்கல் வேலை முடிந்தது. பூச்சுக்கு முன் வயரிங் பைப் பதிக்க வேண்டும். விளக்கு, திரைச்சீலை, ஏசி மூன்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்க ஆசை. ஆள் வைத்து கேஎன்எக்ஸ் (சுவருக்குள் கேபிள் ஓட்டி எல்லாவற்றையும் இணைக்கும் முறை) போடச் சொல்கிறார் ஒருவர். வைஃபை ஸ்விட்சே போதும் என்கிறான் தம்பி. பட்டவர்கள் சொல்லுங்கள்.

பச்சைக்கேபிள்: கேஎன்எக்ஸ்தான். இது என் தொழில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் ஒரு பஸ் கேபிள் (கட்டளைகள் போகும் கம்பி), அதில் சுமார் 30 வோல்ட் டிசி. ஒவ்வொரு பட்டனுக்கும், விளக்கையோ திரைச்சீலையையோ இயக்கும் ஆக்சுவேட்டருக்கும் தனித்தனிச் சிப், நடுவில் சர்வர் கிடையாது. இன்டர்நெட் போனாலும் விளக்கு எரியும். கடைச் சரக்கு அப்படியா? வீட்டுக் கருவிகளை இணைக்கும் ரிவால்வ் ஹப்பை உருவாக்கிய கம்பெனியை கூகுளின் நெஸ்ட் 2014ல் வாங்கியது, 2016 மே மாதம் சேவையையே நிறுத்தியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. காசு கொடுத்து வாங்கியவன் கையில் வெறும் பெட்டி.

நிலாமுற்றம்: இன்ஸ்டியான் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள் சார். அதே வருஷம் ஜூனில் பயனர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி சர்வரை ஓட விட்டார்கள். 2022 அக்டோபரில் ஸ்மார்ட் கருவிகளுக்கான பொதுத் தரமான மேட்டர் 1.0 வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றும் அதை ஏற்றுக்கொண்டன. மேட்டர் கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போய்ச் சேரும். வீட்டிலேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போட்டால் வெளி சர்வர் தயவே வேண்டாம்.

இன்னொன்று. நான் வாங்கிய பழைய வீட்டில் நீங்கள் சொல்லும் கேபிள் சிஸ்டம்தான் இருந்தது. போட்டவர் தொழிலை விட்டுவிட்டார், எந்த பட்டன் எந்த விளக்குக்கு என்று பதிந்த ப்ராஜெக்ட் ஃபைல் யாரிடமும் இல்லை. படிக்கட்டு பட்டன் ஒன்றை வேறு விளக்குக்கு மாற்ற மூன்று பேரைக் கூப்பிட்டேன். மூவரும் "எல்லாத்தையும் மறுபடி ப்ரோகிராம் பண்ணணும்" என்றார்கள்.

பச்சைக்கேபிள்: ஃபைலைக் கொடுக்காதது அந்த ஆளின் தவறு, தரத்தின் தவறு அல்ல. கேஎன்எக்ஸ் சர்வதேசத் தரம், பல நூறு கம்பெனிகள் பொருள் தயாரிக்கின்றன. ஃபைல் இருந்தால், கேஎன்எக்ஸை அமைக்கும் இடிஎஸ் மென்பொருள் தெரிந்த யாரும் திறந்து மாற்றலாம். கண்ட்ரோல்4 போன்ற ஒரே கம்பெனி சிஸ்டங்களில்தான் பெரிய மாற்றத்துக்கெல்லாம் டீலர் வர வேண்டும்.

நிலாமுற்றம்: தரத்தின் தவறா, ஆளின் தவறா என்பது இருட்டில் படிக்கட்டில் நின்ற என் அம்மாவுக்கு எதற்கு? பஸ் கேபிளுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை செத்துப்போய், அந்த லைனில் இருந்த ஒரு பட்டனும் வேலை செய்யாத ராத்திரி அது. நடுவில் ஒன்றுமே இல்லை என்றீர்களே, அது இருக்கிறது.

பச்சைக்கேபிள்: ஒப்புக்கொள்கிறேன், அதைச் சொல்லியிருக்க வேண்டும். மாற்று பவர் சப்ளை ஒன்றைக் கையிருப்பில் வைக்காமல் நான் எந்த வீட்டையும் ஒப்படைப்பதில்லை.

டெஸ்டர்: எலக்ட்ரீஷியன் பேசுகிறேன். வைஃபை பக்கம் ஒரு சங்கடம்: நாற்பது ஸ்விட்ச் போட்டால் நாற்பதும் ரவுட்டரில் தொங்கும். ரவுட்டரை மாற்றி பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைக்க மறந்தால், ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க ஒரு நாள் போய்விடும். அந்த எண்ணிக்கைக்கு, வைஃபை அல்லாத வயர்லெஸ் முறைகளான ஜிக்பீ, த்ரெட் மேல்.

புதுமனை நண்பரே, எதைத் தேர்ந்தாலும் எல்லா ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் கம்பி இழுத்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்சுக்கு அது வேண்டும், சுவரைப் பூசிய பிறகு அழுவதில் பயனில்லை. பஸ் கேபிளுக்குத் தனிப் பைப் ஓட்டுங்கள், மின்கம்பியோடு சேர்த்துத் திணிக்காதீர்கள். இன்று காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும்.

புதுமனை: நியூட்ரலும் தனிப் பைப்பும் இன்றே சொல்லிவிட்டேன். படிக்கட்டு, குளியலறை விளக்குகள் சாதாரண ஸ்விட்சிலேயே இருக்கும். மற்றவற்றுக்கு கேஎன்எக்ஸ் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் ப்ராஜெக்ட் ஃபைலைத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லி கேஎன்எக்ஸ் போடுபவரிடம் கேட்டால், "அது எங்க ஆபீஸ்ல பத்திரமா இருக்கும் சார்" என்கிறார்.

நிலாமுற்றம்: என் வீட்டு ஃபைலும் ஒரு ஆபீஸில் பத்திரமாகத்தான் இருந்தது.

பச்சைக்கேபிள்: இதில் நிலாமுற்றம் பக்கம்தான் நான். அவர் தராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். தந்தால் ஃபைலோடு அதன் பாஸ்வேர்டும், கருவிகளைப் பூட்டியிருந்தால் அதைத் திறக்கும் பிசியூ கீயும் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.